வளர்கின்ற காயம்

அகதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பத்திரிகைகளிற் காண்கிறோம். காணக் காண அதன் கூர் மழுங்கிவிட்டது. கதி என்பது போகும் நெறியைக் குறிக்கும். போய்ச் சேரும் இடத்தையும் குறிக்கும். பற்றிக்கொள்ளும் துணையையும் குறிக்கும். இம்மூன்றும் அற்றவர் அகதி. வளர்ந்த ஒருவர் அகதியாகும்போது வீட்டை இழக்கிறார், காணியை இழக்கிறார், தொழிலை இழக்கிறார். அவற்றுக்கெல்லாம் உறுதி உண்டு, பத்திரம் உண்டு. என்றோ ஒருநாள் திரும்பிப் போய்க் கேட்கலாம் என்ற நப்பாசையாவது உண்டு. குழந்தைக்கோ தன் பெயரில் வீடும் இல்லை, காணியும் இல்லை. அதற்கென்று உள்ளது அதன் உடல் ஒன்றே. அந்த உடலிற் காயம் பட்டால் என்ன ஆகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன்.

அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் கணக்குகளின்படி, உலகில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 40 பேரளவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். இவர்களுட் காயம்பட்ட பிள்ளைகளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. தலையிற் கட்டு, கையிற் சேலைன் குழாய், அருகில் ஒரு தாதி. உயிர் தப்பியது என்ற செய்தியைப் படித்து, ஒரு பெருமூச்சு விட்டு, பத்திரிகையை மடித்து வைக்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளையின் வைத்தியக் கதையில் முதலாம் அத்தியாயந்தான் அப்போது முடிந்திருக்கிறது.

குழந்தையைச் சிறிய அளவிற் செய்த பெரிய மனிதனாக எண்ணிவிடலாகாது என்பது சத்திரசிகிச்சையில் முதற் பாடம். பத்துக் கிலோ நிறையுள்ள ஒரு குழந்தையின் உடலில் உள்ள குருதி ஏறத்தாழ 800 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை அளவு சிந்தினாலே காற்பங்கு போய்விடும். பெரியவர் ஒருவர் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்துவரக்கூடிய காயம் குழந்தையைக் கொன்றுவிடும். தீக்காயமும் அத்தகையதே. தோல் மெல்லியது, ஆழமாக வேகும். உடலின் பருமனோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே நீரும் சூடும் விரைவில் வெளியேறிவிடும்.

ஆயினும் பெரிய வேறுபாடு இவற்றில் இல்லை. குழந்தை வளர்கிறது என்பதே பெரிய வேறுபாடு. எலும்பின் நுனிகளிலே வளர்ச்சிக்கென்று மெல்லிய தட்டுகள் உள்ளன. ஒரு சன்னம் அந்தத் தட்டிற் பாய்ந்தால் எலும்பு பொருந்திய பின்னும் அந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளராது. ஐந்து வயதில் விரற்கடை அளவாயிருந்த குறைவு பதினைந்து வயதிற் சாண் அளவை எட்டலாம். கால் துண்டிக்கப்பட்ட பிள்ளைக்கு வெட்டிய எலும்பின் முனை சில வேளைகளில் ஊசி போல நீண்டு தசையையும் தோலையும் குத்திக்கொண்டு வெளிவர முனையும். மறுபடியும் அறுத்துச் சீராக்க வேண்டும். செயற்கைக் காலோ சப்பாத்தைப் போல ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப்போகும். வெந்து ஆறிய தழும்பின் கொடுமை இன்னும் வேறு. நல்ல தோல் பிள்ளையோடு வளரும். தழும்பு அவ்வாறு வளராது. எனவே உள்ளே எலும்பு நீள நீள, மேலே தழும்பு இழுத்துப் பிடிக்கும். முழங்கை மடியும், கழுத்து ஒருபுறம் சாயும், விரல்கள் உள்ளங்கையை நோக்கிச் சுருளும். பட்ட அன்று எவ்வளவு திறமையாக வைத்தியம் செய்திருந்தாலும் இது நேரலாம். இத்தகைய பிள்ளைக்கு வளர்ச்சி நிற்கும்வரை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, அதே வைத்தியசாலையும் அதே கோப்பும் வேண்டும். அகதி வாழ்க்கை கொடுக்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சொல் ஆராய்ச்சி தமிழ் ஆசிரியரை விட்டுப் போகாத நோய்; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டார் அறுவைச் சிகிச்சை என்பதை நாம் சத்திரசிகிச்சை என்கிறோம். இங்கே சத்திரம் என்பது ஆயுதம். ஆயுதத்தாற் புண்பட்டவனை ஆயுதங்கொண்டே ஆற்றுவது என்று பொருள் விரியும். வழிப்போக்கர் தங்கி உண்ணும் இடமும் நம் மொழியிற் சத்திரமே; அது வேறு வடசொல்லின் வழி வந்தது. மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலே சத்திரசிகிச்சை நூலொன்றைத் தமிழாக்கியபோது 'இரண வைத்தியம்' என்று பெயரிட்டார். அந்தப் பெயரும் நல்ல பெயரே. இருந்தும் அகதிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரு சத்திரங்களும் ஒரே கூரையின் கீழ் வேண்டியிருப்பதால், நமது வழக்கே எனக்குப் பிடித்தமானது.

இவற்றையெல்லாம் நான் முதலில் நூலிற் படித்து அறியவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் தங்கைக்கு நான்கு. மழை. செம்மணி வெளியில் ஆளோடு ஆள் நெருக்கிக்கொண்டு அடி அடியாக நகர்ந்தோம். பின்னர் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களாகத் தங்கினோம். குடாநாட்டில் மின்சாரம் நின்று ஐந்து ஆண்டுகளாகியிருந்தன. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த காலம் அது. எங்கள் வகுப்பறையில் மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி, இடையிலே ஒரு குப்பி விளக்கு வைத்திருந்தோம். ஓர் இரவு அது சரிந்தது. தங்கை அருகிற் படுத்திருந்தாள். வலது மேற்கை தொடக்கம் மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை, உள்பக்கம் முழுவதும், வெந்துபோயிற்று.

அவளைச் சைக்கிளில் வைத்து உழக்கிக்கொண்டு போனவர் ஐயா. அந்த வைத்தியசாலையின் விறாந்தையிலும் பாய் விரித்து நோயாளர், மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. என்றாலும் அங்கிருந்த வைத்தியர் அவளைக் காப்பாற்றினார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். வீடு திரும்பும்போது அம்மாவை அழைத்து, "காலையும் மாலையும் இந்தக் கையை நீட்டிப் பிடியுங்கள். பிள்ளை கத்துவாள். நீங்கள் விடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அம்மா விடவில்லை. 1996இல் ஊருக்குத் திரும்பிய பின்னும் நாள் தவறாமல் நல்லெண்ணெய் தடவி நீட்டினார். தங்கை கத்தினாள், அண்டை வீட்டார் வந்து அம்மாவை ஏசினார்கள். அவள் உயர உயரக் கை மடிந்துகொண்டே வந்தது. ஏழு வயதில் முழங்கை செங்கோணத்தில் நின்றுவிட்டது. பாடசாலையில் இடக்கையால் எழுதப் பழகினாள்.

வெட்டித் தளர்த்திப் புதுத் தோல் வைக்க வேண்டும், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்கள். தரைப்பாதை இல்லை. கப்பலுக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு இன்னொரு கடிதம் வேண்டும். 2002 ஏப்ரிலில் ஏ-9 வீதி திறந்த பின்பே அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. கை ஏறக்குறைய முழுவதும் நீண்டது. பூப்பெய்தி ஒரே ஆண்டில் நெடுநெடுவென வளர்ந்தபோது மறுபடியும் இழுக்கத் தொடங்கியது. அடுத்த சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2006 ஓகத்தில் வீதி மூடுண்டது. அது நடந்தது 2010இல். நாள் குறித்தது வைத்தியர் அல்லர், வீதி. அவள் இன்று இரு பிள்ளைகளின் தாய். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறாள். கை முற்றாக நீளாது. கொடியில் துணி போடும்போது மட்டும் இடக்கையைப் பயன்படுத்துவாள். மற்றபடி பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

குப்பி விளக்கு இலங்கையில் எத்தனையோ வீடுகளை எரித்திருக்கிறது. தீக்காயங்களைக் கண்டு மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சரியாத கனமான அடியும் திருகு மூடியும் உள்ள சிறு கண்ணாடி விளக்கொன்றை அமைத்து, மலிவாகப் பரப்பினார். அதற்காக 1998இல் உரொலெக்ஸ் விருது பெற்றார். கத்தியைக் கையில் எடுக்கும் வைத்தியர் ஒருவர் கத்திக்கு வேலை வராமலிருக்க விளக்குச் செய்ய முனைந்தது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. அகதி முகாம்களிலே, உலகின் எந்த மூலையிலாயினும், அடுப்பு நிலத்தில் இருக்கும், சுவர் துணியாயிருக்கும், பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பார்கள். போர் நின்ற இடத்திலும் தீக்காயம் நிற்பதில்லை.

இப்படி மனத்தில் ஊறிக் கிடந்த விடயம் என்பதனால், ஜோர்தான் நாட்டுத் தலைநகரில் இயங்கிய ஒரு வைத்தியசாலையைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது நான் அதை விடவில்லை. அந்நகரின் பெயர் அம்மான். நம் ஊரில் தாயின் சகோதரனை அழைக்கும் பெயர். தற்செயலான ஒற்றுமைதான், எனினும் ஆதரவற்ற பிள்ளைகள் அம்மான் வீட்டுக்குப் போவது நமக்குப் புதிதன்று. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு (1971இல் பாரிசில் தோன்றியது, 1986 முதல் நம் நாட்டிலும் பல ஆண்டுகள் பணி செய்தது) 2006 ஓகத்தில் அங்கே சீரமைப்புச் சத்திரசிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் ஈராக்கியர்களுக்காக. ஈராக்கினுள்ளே வைத்தியர்களே கொல்லப்பட்டும் கடத்தப்பட்டும் வந்த காலம் அது. உள்ளே போய் வைத்தியம் செய்ய முடியாதாயின் நோயாளரை வெளியே கொண்டுவருவோம் என்பது எண்ணம். பின்னர் சிரியா, யேமன், பலஸ்தீனம் ஆகிய இடங்களிலிருந்தும் நோயாளர் வந்தனர். 2015இல் தனிக் கட்டடத்துக்கு மாறியது.

அங்கே நடந்தது குண்டு விழுந்த அன்றைய வைத்தியம் அன்று. உயிர் தப்பி, எங்கோ அவசரத்தில் கட்டுப்போட்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, கோணி ஆறியவர்களும் ஆறாதவர்களுமே அங்கு வந்தார்கள். எலும்பு, முகத்தாடை, தீக்காயத் தழும்பு ஆகிய மூன்று துறைகள். அந்தந்த நாட்டிலுள்ள வைத்தியர்கள் நோயாளரைத் தெரிந்து விவரங்களை அனுப்புவார்கள். அம்மானிலுள்ள குழு கூடி ஆராய்ந்து முடிவு செய்யும். பயணச் செலவும் தங்குமிடமும் கொடுத்து, பிள்ளையானால் துணைக்கு ஒருவரையும் சேர்த்து அழைத்தார்கள். பல மாதங்கள் தங்குவார்கள். ஒரு கைக்கு நான்கு ஐந்து முறை சத்திரசிகிச்சை நடப்பது அங்கே வியப்பில்லை.

எலும்பினுள் நுழைந்த கிருமி அவர்களுக்குப் பெரும் பகையாயிருந்தது. போர்க்காலத்தில் எந்த அன்ரிபயோற்றிக் கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள், பாதியில் முடிந்துவிடும், வேறொன்று கொடுப்பார்கள். இவ்வாறு பழகிய கிருமி பல மருந்துகளுக்கும் அஞ்சாததாகிவிடுகிறது. ஆகவே எலும்பிற் சிறு துணுக்கை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது பணிகிறது என்று கண்டபின்பே எலும்பைச் சீராக்கத் துணிவார்கள். குறைந்த எலும்பை நீட்டுவதற்கும் வழி உண்டு. 1950களில் சைபீரியாவின் கூர்கன் நகரில் இலிசாரோவ் என்ற வைத்தியர், காலைச் சுற்றி உலோக வளையங்களை மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைத்து, எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் மெல்ல மெல்ல விலக்கினார். இடைவெளியிற் புது எலும்பு தானே படர்ந்தது. ஐந்து சதமமீற்றர் நீட்ட ஐம்பது நாள். அது இறுக இன்னும் பல மாதம். கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு ஓடும் குடும்பம் அந்த வளையத்தை எப்படிக் காப்பது? கம்பி நுழைந்த துவாரங்களை நாள்தோறும் சுத்தஞ் செய்ய வேண்டுமே. அதனாலேதான் தங்குமிடமும் வைத்தியத்தின் ஒரு பகுதியாயிற்று.

முகம் வெந்த பிள்ளைகளுக்கு அங்கே செய்த ஒரு காரியம் என்னைக் கவர்ந்தது. தழும்பு தடித்து எழாதிருக்க இடைவிடாத அழுத்தம் வேண்டும். முகத்தைக் கணினியால் அளந்து, முப்பரிமாண அச்சு முறையில் வார்ப்புச் செய்து, கண்ணாடி போன்ற ஒரு முகமூடியை அமைத்தார்கள். பல மாதங்கள், நாளின் பெரும் பகுதி, அதை அணிந்திருக்க வேண்டும். ஒளி ஊடுருவுவதால் தோலின் நிறம் வெளிறுவதைக் கொண்டு அழுத்தம் சரியா என்று வைத்தியர் அறியலாம். பிள்ளையின் சிரிப்பையும் தாய் காணலாம். இந்த இரண்டாவது பயன் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆசிரியன் என்ற வகையில் நான் தேடிப் பார்த்தது அங்கே பாடசாலை உண்டா என்பதையே. உண்டு. மாதக் கணக்காகத் தங்கும் பிள்ளைகளுக்கு வைத்தியசாலையிலேயே வகுப்பு நடத்தினார்கள். ஒரே வகுப்பறையில் ஒருவனுக்குக் கை இல்லை, ஒருத்திக்கு முகமூடி, இன்னொருவன் காலில் வளையம். வெளியே இவர்களை உற்றுப் பார்த்தவர்கள் பலர். இங்கே உற்றுப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த வகுப்பாசிரியரின் வேலையை நான் பொறாமையோடு எண்ணியதுண்டு.

இவ்வளவும் இருந்தும், வாயில் மூடினால் வைத்தியசாலை என்ன செய்யும்? சிரியாவின் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீற்றரளவில் உள்ள ரம்தா என்னும் ஊரில் அதே அமைப்பினர் 2013 செப்ரெம்பர் முதல் அவசர சத்திரசிகிச்சை செய்து வந்தார்கள். 2012இல் அமைந்த சாத்தரி முகாமில், சிகிச்சை முடிந்தவர்கள் தேறுவதற்கு 40 கட்டில்கள் கொண்ட இல்லம் ஒன்றும் நடத்தினார்கள். 2016 ஜூனில் எல்லைக் காவல் நிலையொன்று தாக்கப்பட்ட பின் ஜோர்தான் எல்லையை மூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டில்கள் வெறுமையாகி அந்த இல்லம் மூடப்பட்டது. ரம்தாவின் வேலையும் 2018 ஜனவரியில் முடிந்தது. எல்லைக்கு அப்பால் காயப்படுவது நின்றுவிடவில்லை. ஜோர்தானைக் குறை கூறுவது எளிது. ஆனால் சின்னஞ்சிறு நாடு, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நாடு, தன் சனத்தொகைக்கு ஒவ்வாத அளவில் அகதிகளை ஏற்ற நாடு அது. அவர்களிலும் பன்மடங்கு செல்வம் உள்ள நாடுகள் வேறு வகையாகக் கதவடைத்தன.

அச்செல்வ நாடுகளைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். காயப்பட்ட ஒரு குழந்தையை விமானத்தில் ஏற்றி ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்குக் கொண்டுபோவதைப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. அந்த ஒரு குழந்தைக்கு நல்லதே. எனினும் பக்கத்து நாட்டில், பிள்ளை பேசும் மொழியைப் பேசும் வைத்தியர்களைக் கொண்டு, அதே பணத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்! அம்மானிற் கத்தி பிடித்தவர்களுள் ஈராக்கிய வைத்தியர்களும் இருந்தார்கள். பிள்ளை வலிக்கிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அடுத்த சிகிச்சைக்கும் திரும்பி வரலாம். சத்திரசிகிச்சை என்பது செல்வருக்குரிய ஆடம்பரம் என்ற எண்ணமும் பிழை. 2015இல் 'லான்செற்' ஆணைக்குழு, உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான சத்திரசிகிச்சை எட்டாதிருக்கிறது என்று அறிவித்தது. அகதிப் பிள்ளை அந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கிறது.

நம் மண்ணிலும் 2009இன் முற்பகுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பல் மூலம் வன்னிக் கரையிலிருந்து காயப்பட்டோரையும் உடன்வந்தோரையுமாக ஏறத்தாழ 14,000 பேரை வெளியேற்றிற்று. புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு கள வைத்தியசாலை நடத்தியது. அந்த நாட்களிற் கைக்குழந்தைகளாயிருந்தவர்கள் இந்த இரண்டொரு ஆண்டுகளில் என் உயர்தர வகுப்புகளில் அமர்ந்தார்கள். ஒருவனுக்குத் தோள்மூட்டின் அருகே இன்னும் ஒரு சன்னம் உண்டு. எடுத்தால் நரம்பு கெடும், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். மழைக்காலத்தில் குத்தும், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத முடியாது. பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்க வைத்தியச் சான்று வேண்டியிருந்தது. எந்த வைத்தியசாலையில், எந்தத் திகதியில், யார் பார்த்தார் என்று கேட்டார்கள். அவனிடம் ஒரு தாளும் இல்லை. தோளைக் காட்டினான். புதிதாக எக்ஸ்-றே எடுத்து, அதன்மேல் ஒரு வைத்தியர் எழுதிக்கொடுத்து, அலைந்து திரிந்து ஒருவாறு பெற்றோம்.

எங்கள் ஐயா தாள்களைக் காப்பதில் வல்லவர். தங்கையின் முதற் காயம் தொடக்கம் எல்லாவற்றையும் ஓர் ஓர்லிக்ஸ் தகரத்தில் இட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி வைத்திருந்தார். தென்மராட்சியிலிருந்து திரும்பியபோது நாங்கள் கொண்டுவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. 2002இல் கொழும்பு வைத்தியர் அதைத் திறந்து பார்த்தபின்பே எங்கே வெட்டலாம், எங்கிருந்து தோல் எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தார். தகரம் இப்பொழுது தங்கையின் வீட்டில் இருக்கிறது. சென்ற ஆண்டு முழங்கையில் வலி என்று கிளினிக்குக்குப் போனபோது அதையும் எடுத்துச் சென்றிருக்கிறாள். இளம் வைத்தியர் ஒருவர் அடியிற் கிடந்த முதல் தாளை எடுத்து நெடுநேரம் படித்தாராம். அச்சிட்ட படிவம் இல்லாத அந்த நாட்களில், அப்பியாசக் கொப்பியிற் கிழித்த ஒற்றையில், கையின் படம் வரைந்து, வெந்த இடத்தைக் கோடிட்டு, ஒட்டிய தோலின் அளவை அங்குலத்தில் குறித்து, அடியில் ஒப்பமிட்டிருந்தது. ஒப்பம் விளங்கவில்லை. யார் எழுதியது என்று கேட்டாராம். தங்கைக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.